ரீல் ஓடுது, பூண்டு விற்க மாட்டேங்குது: உதவி தேவை

பூம்பாறைப் பூண்டு:
கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை எங்க ஊர். மலைப்பூண்டு போடுகிறோம். அறுவடை முடிந்ததும் மூட்டை கட்டி வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு இறக்கிவிடுவதுதான் வழக்கம், அங்கே சொல்வதுதான் விலை. கொஞ்சத்தையாவது நேரடியாக விற்போமே என்று இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினேன். படிக்கட்டு வயல், மேகம் இறங்குவது, குழந்தை வேலப்பர் கோயில் தெரு என்று எடுத்துப் போட்ட ஒரு ரீல் லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. கமெண்டைத் திறந்தால் ‘இ-பாஸ் எப்படி எடுக்கணும்’, ‘ரூம் கிடைக்குமா’, ‘ஜீப்புக்கு எவ்வளவு’. பூண்டு கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்னொரு தலைவலி, ஏற்கெனவே வாங்கியவர்களின் நம்பரை எல்லாம் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் சேர்த்து ‘புதுப் பூண்டு வந்திருக்கு’ என்று அனுப்பினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. காசு கட்டி பூஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கோத்தகிரி தைலக்காரன்:
இப்போதைக்கு பூஸ்ட் பட்டனில் கை வைக்காதீங்க அக்கா. மேகத்தைக் காட்டினால் மேகம் பார்க்க வருகிறவன்தான் வருவான். 2024 மே 7-ல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து எந்த மலை வீடியோவுக்குக் கீழேயும் இதே கேள்விதான், நான் தைலம் காய்ச்சுவதைப் போட்டாலும் விடமாட்டேன் என்கிறார்கள். யார் ரசித்துப் பார்க்கிறார்களோ அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இன்ஸ்டாகிராம் மேலும் மேலும் கொண்டுபோய்க் காட்டும், அந்த ரீலுக்கே பணமும் கட்டினால் ரூம் கேட்கிற கூட்டம்தான் பெருகும். யார் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டும் ‘இன்சைட்ஸ்’ பகுதியில் உங்கள் ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்க, எந்தப் பதிவை சேமித்து வைத்திருக்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்பினார்கள் என்றும் பாருங்க. பார்வை எண்ணிக்கையை மறந்துடுங்க. பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப் புகை போட்டு வைப்பீங்களே, அதை எடுத்துப் போட்டீங்களா?

பூம்பாறைப் பூண்டு:
இல்லை. கரி படிந்த கொட்டகை, அதைப் போய் யார் பார்ப்பாங்க என்று விட்டுட்டேன்.

வேளச்சேரி அக்கா:
நான் பார்ப்பேனே! தங்கச்சி, உங்க பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவள் நான், காரணத்தைச் சொல்லிடறேன். விலை எங்கேயும் இல்லை, கேட்டவர்களுக்கு ‘டிஎம் பண்ணுங்க’ என்று பதில். கால் கிலோ கிடைக்குமா, சென்னைக்கு கூரியர் எவ்வளவு, எதுவும் தெரியவில்லை. இங்கே கடையில் மலைப்பூண்டு என்று கேட்டால் பெரிய பல்லாக வெள்ளை வெளேரென்று வடநாட்டுப் பூண்டை அள்ளிப் போடுகிறார்கள். அதையும் உங்களுடையதையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுங்க, ஒரு பல்லை உரித்து நசுக்கிக் காட்டுங்க. புகை போட்ட பூண்டு ஏன் தோல் மங்கலாக இருக்கு, ஏன் மாதக்கணக்கில் கெடாது என்று உங்க அம்மாவே சொல்லட்டும். என் மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கு, பூண்டுக்குழம்புக்கும் லேகியத்துக்கும் நல்ல பூண்டாகத் தேடுகிறேன். எனக்கு மேகம் எதுக்கு?

மதுரை விளம்பரத் தம்பி:
பிராட்காஸ்ட் விஷயம் சுலபம். உங்க நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும், நீங்கள் சேமித்தால் போதாது. பட்டியலுக்கு 256 பேர்தான் உச்சவரம்பு. பார்சலுக்குள் ‘இந்த நம்பரை சேமிச்சு வைங்க, அடுத்த அறுவடைக்குச் சொல்றோம்’ என்று ஒரு சீட்டு போடுங்க. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம், அதில் கேட்டலாக் இருக்கு, எடை, விலை, படம் போட்டு அந்த லிங்க்கை இன்ஸ்டா பயோவில் வைத்தால் அக்கா சொன்ன குறை பாதி தீர்ந்துவிடும்.

விளம்பரம் பிறகு பார்க்கலாம். அப்போதும் மெசேஜ் வருவதை இலக்காக வைத்து, உங்க கூரியர் ஒழுங்காகப் போய்ச் சேருகிற இரண்டு மூன்று ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்க. கட்டுகிற தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

ஒரு எச்சரிக்கை. உங்க பழைய பதிவு ஒன்றில் ‘சர்க்கரை, இதய அடைப்பு குணமாகும்’ என்று இருக்கு. அதைத் தூக்கிடுங்க. அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்தே சட்டம் இருக்கு, சர்க்கரை, இதய நோய் இரண்டுமே அந்தப் பட்டியலில் வருகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கே, அதைச் சொல்லுங்க. விளைவிக்கிறவர் என்ற முறையில் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

பூம்பாறைப் பூண்டு:
பயோவில் விலை போட்டாச்சு. அந்த ‘குணமாகும்’ பதிவு என் கூடப் பிறந்த தம்பி போட்டது, எடுத்தாச்சு. வேளச்சேரி அக்கா, உங்களுக்குக் கால் கிலோவாகவே அனுப்புகிறேன், டிஎம் பாருங்க (இந்தத் தடவை மட்டும்). ஒரு சந்தேகம், எல்லாரிடமும் இருப்பது அப்பாவின் நம்பர், அதில் சாதா வாட்ஸ்அப் ஓடுது. பிசினஸ் செயலிக்குப் புது சிம் வாங்கணுமா?

மதுரை விளம்பரத் தம்பி:
ஒரே நம்பர் இரண்டு செயலியிலும் ஓடாது. அப்பா நம்பரையே பிசினஸுக்கு மாற்றலாம், பழைய பேச்சும் கூடவே வந்துவிடும், ஆனால் முதலில் பேக்கப் எடுத்துடுங்க. சொந்தக்காரர்களின் குட் மார்னிங்கும் ஆர்டரும் கலந்து வருவது அப்பாவுக்குச் சரிப்படாது என்றால் புது சிம் போட்டு இரண்டு செயலியையும் ஒரே போனில் வைத்துக்கலாம். உங்க ஊருக்குள் எந்த சிம்முக்கு சிக்னல் நிற்குதோ அதை வாங்குங்க.