மொரப்பூர் வீடு, குடும்பக் குழு

முருகன்: தருமபுரி புறநகர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன். கோவிந்தன் சித்தப்பாவைப் பார்த்தேன்.

அமுதா அத்தை: எந்தக் கோவிந்தன்

முருகன்: நம்ம சித்தப்பாதான் அத்தை. சேலம் பஸ் நிற்கிற பக்கம் உரச்சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார். செருப்பு இரண்டையும் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்திருக்கிறார். ஒரு கால் வீங்கிக் கிடக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. “மொரப்பூர் வண்டி போயிடுச்சா தம்பி” என்று கேட்டார்.

அமுதா அத்தை: ஐயோ சாமி

சேகர்: அவர்தானா? ஓசூரில் வாட்ச்மேன் வேலை என்றார்களே

முருகன்: கையில் பாட்டி பெயர் பச்சை குத்தியிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அமுதா அத்தை: அண்ணா, எதை அழிச்சீங்க?

சேகர்: விடுங்க அத்தை. கிணற்றுப் பங்கு கதை இப்போது வேண்டாம்.

செல்வி: இன்று ராத்திரி அவர் அங்கே படுக்கக் கூடாது. மார்கழிப் பனி. வீடற்றோர் தங்கும் இல்லத்தில் சேர்க்கலாம். நகராட்சியில் மகளிர் குழு வேலை பார்த்தபோது நானே ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். முருகா, பஸ் ஸ்டாண்டில் போலீஸ் இருந்தால் சொல். மனம் தடுமாறித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

சேகர்: அநாதை ஆசிரமத்திலா? ஊர் என்ன சொல்லும்

செல்வி: ஆசிரமம் இல்லை அண்ணா. லட்சம் பேருக்கு ஓர் இல்லம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தபிறகு அதில் இதற்கென்றே நிதி ஒதுக்கினார்கள். ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று கணக்கு. பெரும்பாலும் தொண்டு நிறுவனம்தான் நடத்தும். படுக்கை, குளிக்க இடம் மட்டுமில்லை, ஆதார், ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகைக்கு வழி செய்வதும் அவர்கள் வேலை. சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மாதம் 1,200 ரூபாய் கிடைக்கும். இத்தனை வருஷம் அதைக்கூட நாம் வாங்கித் தரவில்லை.

மாலா அண்ணி: ஞாயிறு தீர்த்தமலை காதுகுத்துக்கு வேன் சொல்லியாச்சா? 18 பேர்தான் ஏறலாமாம்

அமுதா அத்தை: மாலா!!

மாலா அண்ணி: மேலே இப்போதுதான் படித்தேன் அத்தை. மன்னிச்சுக்கோங்க. மாமாவா?

சேகர்: முதியோர் உதவி எண் 14567-க்கு அடித்தேன். எடுக்கவில்லை

செல்வி: அது காலை 8 முதல் இரவு 8 வரைதான். இப்போது ஒன்பதே முக்கால். எனக்குத் தெரிந்த சமுதாய அமைப்பாளரிடம் எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது என்று கேட்கிறேன். ஆனால் கால் அப்படி இருந்தால் முதலில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடு.

முருகன்: வேண்டாம் என்கிறார். வண்டி வந்துவிடும், அண்ணன் சோறு வைத்திருப்பார் என்கிறார்.

அமுதா அத்தை: 😭😭

பெரியப்பா: எந்தக் கால்

முருகன்: வலது கால் பெரியப்பா

பெரியப்பா: கிணறு வெட்டும்போது கல் விழுந்தது அந்தக் கால்தான்

சேகர்: நான் காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன்

செல்வி: காலையில் இல்லை அண்ணா

முருகன்: எனக்குப் பத்தரைக்கு டிரிப். கண்டக்டர் கத்துகிறார். அதுவரை உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மாலா அண்ணி: வேன் டிரைவர் வீடு தருமபுரி பாரதிபுரம்தான். கேட்கட்டுமா?

செல்வி: கேளுங்க அண்ணி

பெரியப்பா: பீரோவில் கம்பளி இருக்கிறது. வேன் வந்தால் முதலில் இங்கே நிறுத்தச் சொல். நானும் வருகிறேன்

சேகர்: உங்களுக்கு இந்தப் பனியில் வேண்டாம் பெரியப்பா

மாலா அண்ணி: டிரைவர் போனை எடுக்கவில்லை. திரும்ப அடிக்கிறேன்