பழைய 'கிங் போல்' பத்திரிகை ஒரு பெட்டி கிடைச்சிருக்கு, இந்த சர்க்கஸ் ரசிகர் சங்கம் பத்தி யாருக்காவது தெரியுமா?

பரண்மேல்_பூனை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது இங்கிலாந்துல, இங்க ஒரு சேரிட்டி ஷாப்ல பழைய புக்ஸ் கிளறிட்டு இருந்தப்போ மூலையில ஒரு அட்டைப்பெட்டி கிடந்துச்சு, மொத்தமா 5 பவுண்டு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கன்னாங்க, தூக்கிட்டு வந்துட்டேன். தொறந்து பாத்தா உள்ள முழுக்க சர்க்கஸ்தான். 'கிங் போல்'னு ஒரு பத்திரிகை நிறைய இருக்கு, அப்புறம் பெர்ட்ராம் மில்ஸ், பில்லி ஸ்மார்ட், சிப்பர்ஃபீல்டுன்னு சர்க்கஸ் கம்பெனிங்களோட ப்ரோக்ராம் புத்தகங்கள், பேப்பர் கட்டிங், ரெண்டு மூணு போஸ்டர் (நாலா மடிச்சு வெச்சு மடிப்புலயே கிழிஞ்சிருக்கு).

இதுல என்னைப் புடிச்சு உக்கார வெச்சது என்னன்னா ப்ரோக்ராம் ஓரத்துல யாரோ பென்சில்ல பொடிப்பொடியா எழுதி வெச்சிருக்காங்க. ஒரு பக்கத்துல ஏழாவது ஐட்டத்தை அடிச்சுட்டு, குதிரை நொண்டுது, இது வரல, பதிலா கோமாளிங்க 6 நிமிஷம்னு எழுதியிருக்கு. நிமிஷக் கணக்கு வரைக்கும்! யாருப்பா இவங்க, வேற வேலையே இல்லையான்னு முதல்ல சிரிச்சேன், அப்புறம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சுட்டு இருந்தேன்.

பத்திரிகைல சர்க்கஸ் ஃப்ரெண்ட்ஸ் அசோசியேஷன்னு போட்டிருக்கு. இது சர்க்கஸ் கம்பெனிக்காரங்க சங்கமா இல்ல பாக்கறவங்க சங்கமா? இந்தப் பெட்டிக்கு ஏதாவது மதிப்பு இருக்கா, எங்கயாவது குடுக்கணுமா? வீட்டுக்காரர் ரீசைக்கிளிங் டப்பாவையே பாத்துட்டு இருக்கார், சீக்கிரம் சொல்லுங்க.

மணல்வட்டம்:

ரீசைக்கிளிங் டப்பாவைத் தூக்கி வெளிய வைங்க முதல்ல.

பாக்கறவங்க சங்கம்தான். 1934ல பிரிட்டன்ல ஆரம்பிச்சது, 'கிங் போல்' அவங்க பத்திரிகை. அந்த நேரத்துல ஏன் வந்துச்சுன்னு பாத்தா கொஞ்சம் புரியும். குதிரை வண்டி செய்யற தொழில்ல இருந்த பெர்ட்ராம் மில்ஸ் 1920 கிறிஸ்மஸுக்கு லண்டன் ஒலிம்பியா ஹால்ல ஒரு பெரிய சர்க்கஸ் போட்டார், அது வருஷா வருஷம் நடக்க ஆரம்பிச்சு ராஜ குடும்பம், மந்திரிங்கன்னு பெரிய மனுஷங்க வந்து உக்கார்ற இடமாயிடுச்சு, 1930ல இருந்து கூடாரத்தோட ஊர் ஊராவும் கிளம்பிட்டாங்க. சின்ன வயசுல கூடாரத்துல பாத்தது மனசை விட்டுப் போகாத ஒரு கூட்டம் எப்பவும் இருந்துச்சு, இப்போ அதை வெளிய சொல்லிக்க வெக்கம் இல்லாம போச்சு. சர்க்கஸ் குடும்பத்துல பொறக்காதவங்க, ஆனா எந்த அக்ரோபாட் எந்த வருஷம் எந்த கம்பெனில இருந்தான்னு கரெக்டா சொல்றவங்க. அப்படிப்பட்டவங்க ஒருத்தரை ஒருத்தர் தேடிப் புடிச்ச சங்கம் இது.

இதுல பிரிட்டன் முதல் ஆளு இல்ல. அமெரிக்காவுல 1926லயே சர்க்கஸ் ரசிகர் சங்கம் வந்தாச்சு, 'ஒயிட் டாப்ஸ்' அவங்க பத்திரிகை. அப்புறம் 1939ல அங்கேயே தனியா சர்க்கஸ் வரலாற்றுச் சங்கம் ஒண்ணு. பிரான்ஸ்ல 1949, ஜெர்மனில 1955. ஆனா தலைகீழா யோசிச்சா வேடிக்கையா இருக்கும், நவீன சர்க்கஸ் பொறந்தது பிரிட்டன்லதான். குதிரைப் படைல இருந்து வந்த ஃபிலிப் ஆஸ்ட்லி 1768ல லண்டன் லாம்பெத் பக்கம் வட்டமா குதிரை ஓட்டிக் காட்ட ஆரம்பிச்சார், குதிரை மேல நின்னுட்டே போறவன் உள்பக்கமா சாஞ்சு பேலன்ஸ் பண்றதுக்கு தோதான சைஸுன்னு செட்டில் ஆன 42 அடி வட்டம்தான் இன்னிக்கு வரைக்கும் ரிங்கோட அளவு. 2018ல இதுக்கு 250 வருஷம்னு நாடு முழுக்க கொண்டாடினாங்க.

சரி பென்சில் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதுதான் மேட்டரே. ஒரு நாடக தியேட்டர்னா கட்டடம் இருக்கும், ஆபீஸ் இருக்கும், பழைய பேப்பர் எங்கயாவது ஒரு அலமாரில தூங்கும். சர்க்கஸ் ராத்திரி கடைசி ஷோ முடியறதுக்குள்ள பின்பக்கம் பிரிக்க ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள அடுத்த ஊர்ல கம்பம் நடற ஆளுங்க. லாரில யானைத் தீவனத்துக்கே இடம் பத்தாது, பழைய பில்லு, லெட்டர் எல்லாம் யார் சுமப்பா? ப்ரோக்ராம் புக்ல வருஷம்கூட போட மாட்டாங்க, மிச்சம் ஆனா அடுத்த சீசன்ல விக்கலாமே! அதனால இந்த ரசிகர் காசு குடுத்து டிக்கெட் வாங்கி, மடில வெச்சு, மங்கலான வெளிச்சத்துல எழுதின தேதியும் மாத்தமும்தான் பல ஷோவுக்கு மிஞ்சி இருக்கற ஒரே சாட்சி. வேலை இல்லாதவங்கன்னு சிரிச்சீங்களே, அவங்க இல்லன்னா பிரிட்டிஷ் சர்க்கஸ் சரித்திரத்துல பாதி காணாமப் போயிருக்கும்.

தாள்பூச்சி:

மணல்வட்டம் அண்ணா வரலாறு சொல்லிட்டார், நான் பேப்பர் பத்தி மட்டும் சொல்றேன், ஆவணக் காப்பகத்துல வேலை பாத்த பழக்கதோஷம்.

பரண்மேல் பூனை அக்கா, செய்யக் கூடாதது முதல்ல. செல்லோடேப் வேண்டவே வேண்டாம், கிழிஞ்ச போஸ்டரைப் பாத்தா கை தானா டேப்பைத் தேடும், அடக்கிக்கோங்க, அந்தப் பசை கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி பேப்பரையே தின்னுடும். லேமினேஷனும் வேண்டாம். பென்சில் எழுத்து மேல ரப்பர் படக்கூடாது, "க்ளீன் பண்றேன்"னு யாரையும் கிட்டவே விடாதீங்க. பெட்டில இருந்த வரிசையைக் கலைக்காதீங்க, அந்த மனுஷன் ஒரு ஊர் ப்ரோக்ராமுக்குள்ள அதே ஊர் பேப்பர் கட்டிங்கை சொருகி வெச்சிருக்கலாம், பிரிச்சு வகைவகையா அடுக்கிட்டா எது எந்த ஷோவோடதுன்னு அப்புறம் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

போஸ்டர்ல கீழ தனியா ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கான்னு பாருங்க. புலி, கோமாளி படம் போட்ட பெரிய தாளை மொத்தமா அடிச்சு வெச்சுக்குவாங்க, ஊரு, மைதானம், தேதி மட்டும் அந்தந்த ஊருக்கு தனி துண்டா அடிச்சு அடியில ஒட்டுவாங்க. சேகரிக்கறவங்க நிறைய பேர் படம் அழகா இருக்குன்னு துண்டைப் பிச்சுப் போட்டுடுவாங்க, வரலாறு தேடறவனுக்கு அந்த அசிங்கமான துண்டுதான் வேணும்.

எங்க குடுக்கறதுன்னா, ஷெஃபீல்டு யுனிவர்சிட்டில தேசிய ஃபேர்கிரவுண்ட் (ராட்டினம் எல்லாம் போடற பொருட்காட்சி) மற்றும் சர்க்கஸ் காப்பகம் இருக்கு. 1994ல ஃபேர்கிரவுண்டுக்குன்னு தொடங்கினது, சர்க்கஸ்ங்கற பேரு பின்னாடி சேந்தது. தொடங்கி வெச்ச வனெஸ்ஸா டூல்மின் அவங்களே ராட்டினக்காரங்க குடும்பத்துல வந்தவங்க. நீங்க கேக்கற அதே சர்க்கஸ் ஃப்ரெண்ட்ஸ் அசோசியேஷனோட கலெக்‌ஷனும் அங்கதான் இருக்கு, அதனால உங்க பெட்டிக்கு சொந்தக்காரங்க வீடு மாதிரி. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துலயும் பெரிய சர்க்கஸ் தொகுப்பு உண்டு, ஆன்டனி ஹிப்பிஸ்லி காக்ஸ்னு ஒரு சர்க்கஸ் பித்தர் சேத்தது. ஆனா பெட்டியைத் தூக்கிட்டு நேரா போய் நிக்காதீங்க. முதல்ல ஒரு லிஸ்ட், நாலு ஃபோட்டோ, மெயில். 'கிங் போல்' இதழ்கள் அவங்க கிட்ட ஏற்கனவே இருக்கும், ஒரே இதழை ரெண்டு தடவை எந்தக் காப்பகமும் வாங்காது, அதுக்கு மனசு கஷ்டப்பட வேண்டாம். பென்சில் எழுதின ப்ரோக்ராம் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், அதை முன்னாடி சொல்லுங்க.

பணம்னா, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த ப்ரோக்ராம் எல்லாம் லட்சக்கணக்குல அடிச்சது, பெருசா ஒண்ணும் தேறாது. ஆனா பழைய போஸ்டரை அலட்சியமா நினைக்காதீங்க, 1967ல பீட்டில்ஸ் குழுவோட ஜான் லெனன் ஒரு பழைய சாமான் கடைல 1843 வருஷத்து சர்க்கஸ் போஸ்டர் ஒண்ணு வாங்கி அதுல இருந்த வரிகளை எடுத்தே கிட்டத்தட்ட ஒரு முழுப் பாட்டு எழுதிட்டார். அந்த சர்க்கஸ் முதலாளி பாப்லோ ஃபேன்க், நார்விச்ல பொறந்த கறுப்பினத்தவர், விக்டோரியா காலத்துல பெரிய பேரு எடுத்த மனுஷன்.

நேரா_கேக்கறேன்:

எல்லாம் சரி, யாரும் பேசாத விஷயத்தை நான் கேக்கறேன். இந்த சங்கத்து ஆளுங்க வருஷக்கணக்கா கைதட்டினது கூண்டுல அடைச்ச சிங்கத்துக்கும் சங்கிலி போட்ட யானைக்கும்தானே? அதை எல்லாம் பாதுகாத்து வெச்சு என்ன சாதிக்கப் போறோம்? 2011ல 'ஆன்'ங்கற பேருள்ள ஒரு வயசான யானையை அடிக்கற வீடியோ வெளிய வந்து நாடே கொதிச்சதே, அதுக்கும் பென்சில்ல நோட்ஸ் எழுதினாங்களா?

மணல்வட்டம்:

நியாயமான கேள்வி. பழைய ரசிகர்கள்ல பெரும்பாலானவங்க விலங்கு ஐட்டத்துக்கு ஆதரவாத்தான் நின்னாங்க, அதை மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. சர்க்கஸ்னா குதிரைல ஆரம்பிச்சது, விலங்கு இல்லாம எப்படின்னு வாதாடினவங்க. நான் அதுல அவங்க கட்சி இல்ல. ஆன் யானை லாங்லீட் சஃபாரி பார்க்குக்குப் போய்ச் சேந்தப்போ எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு.

ஆனா ஒண்ணு யோசிங்க. காட்டு விலங்குத் தடைச் சட்டம் 2019ல நிறைவேறி 2020 ஜனவரில இங்கிலாந்துல அமலுக்கு வந்தப்போ லைசென்ஸ் வாங்கின சர்க்கஸ் ரெண்டே ரெண்டு, மொத்தம் 19 விலங்கு, அதுல கலைமான், வரிக்குதிரை, ஒட்டகம், ஒரு நரி, ஒரு ரக்கூன், ஒரு மக்காவ் கிளி, இந்த ரகம்தான். சிங்கமும் யானையும் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே காணாமப் போயாச்சு. அது எப்போ, எந்த சீசன்ல, எந்த கம்பெனில நின்னுச்சுன்னு எதை வெச்சு சொல்றது? இந்த ப்ரோக்ராமை வரிசையா அடுக்கிப் பாத்தாத்தான். விலங்கு உரிமைக்காரங்களே நாளைக்கு கேஸ் கட்டணும்னா இந்த ரசிகர் பெட்டியைத்தான் தொறக்கணும். நொண்டற குதிரையை மறைக்காம எழுதி வெச்சவர் கம்பெனி விளம்பர ஆளு இல்லையே.

எனக்கு இந்த கலெக்‌ஷன்கள் மேல இருக்கற குறை வேற. ரசிகருக்கு ட்ராபீஸ்ல பறக்கறவன் பேரு தெரியும், கோமாளியோட தாத்தா பேரு தெரியும், ஆனா கம்பம் நட்டவன், டிக்கெட் கிழிச்சவ, சமைச்சவ யாருன்னு ஒரு வரி இருக்காது. நடுவட்டத்துல விளக்கு விழுந்த இடம் மட்டும்தான் சேகரிப்புல வந்திருக்கு. அக்கா பெட்டில ரூட் கார்டு ஏதாவது இருந்தா அதை தனியா எடுத்துப் பாருங்க, போஸ்ட் கார்டு சைஸ்ல அடுத்த சில வாரம் எந்தெந்த ஊர்னு அச்சடிச்சது, ஆர்ட்டிஸ்டும் தொழிலாளியும் வீட்டுக்கு அனுப்பறதுக்கு, லெட்டர் எங்க போடணும்னு வீட்ல தெரியணுமே. அதுல அந்த விட்டுப்போன ஆளுங்களோட கையெழுத்து சில சமயம் கிடைக்கும்.

பரண்மேல்_பூனை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் இவ்வளவு எதிர்பாக்கல. டேப்பைக் கைல எடுத்தாச்சு, நல்லவேளை, அக்கான்னு கூப்பிட்ட புண்ணியவதி தடுத்தீங்க :) ரூட் கார்டு மாதிரி ஒண்ணு இருக்கு, பின்னாடி யாரோ மழை, மைதானம் ஒரே சேறு, வண்டி இழுக்க யானையை விட்டாங்கன்னு எழுதியிருக்காங்க, கையெழுத்து வேற மாதிரி இருக்கு. வீட்டுக்காரரே இப்போ பூதக்கண்ணாடி வெச்சுட்டு உக்காந்திருக்கார், கலிகாலம்.

ஒரே ஒரு கேள்வி. லிஸ்ட் போடணும்னா வருஷம் வேணுமே, பென்சில் குறிப்பு இல்லாத பெர்ட்ராம் மில்ஸ் ப்ரோக்ராமுக்கு வருஷம் எப்படிக் கண்டுபுடிக்கறது?

தாள்பூச்சி:

ஒலிம்பியாவா கூடாரமான்னு முதல்ல பிரிங்க, ஒலிம்பியான்னா கிறிஸ்மஸ் சீசன். மில்ஸ் கூடாரம் ஓடினது 1930ல இருந்து 1964 வரைக்கும், நடுவுல போர் வருஷம் கழிச்சுக்கோங்க. அப்புறம் கோகோ கோமாளி பேரைத் தேடுங்க, நிகொலாய் பொலியாகாஃப், பெரிய பூட்ஸ் போட்டுட்டு வருவார், குழந்தைங்களுக்கு ரோடு சேஃப்டி சொல்லிக்குடுத்ததுக்காக 1963ல ஓ.பி.இ.ங்கற (O.B.E.) பிரிட்டிஷ் அரச விருது குடுத்தாங்க. அவர் பேருக்குப் பின்னாடி அந்த மூணு எழுத்து அச்சாகி இருந்தா 1963க்கு முந்தினதா இருக்க முடியாது. மத்த கம்பெனி புக்ல விலையைப் பாருங்க, ஷில்லிங்ல மட்டும் போட்டிருந்தா பெரும்பாலும் 1971 பிப்ரவரிக்கு முன்னாடி அடிச்சது, அப்போதான் பழைய ஷில்லிங் கணக்கு போய் புது காசு கணக்கு வந்துச்சு. கடைசிப் பக்க விளம்பரத்தையும் விடாதீங்க, கார் மாடல், டிவி செட் படம் எல்லாம் வருஷம் சொல்லும். உறுதியா தெரியாததுக்கு லிஸ்ட்ல உத்தேசமா இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷத்துக்குள்ளன்னு போடுங்க, தாள் மேல நீங்க எதுவும் எழுதிடாதீங்க.

மணல்வட்டம்:

மில்ஸ் ப்ரோக்ராம்ல டைரக்டர் சிரில் மில்ஸ் பேரு இருந்தா சும்மா ஒரு தடவை பாத்து வைங்க. பெர்ட்ராமோட பையன், போர் சமயத்துல எம்ஐ5ங்கற பிரிட்டிஷ் உளவுத்துறைல வேலை பாத்தவர், ஜெர்மன்காரங்களை ஏமாத்தின கார்போங்கற பேர்போன டபுள் ஏஜென்ட் லண்டன் வந்ததும் முதல்ல அவரைக் கவனிச்சுக்கிட்டதே இவர்தான். தாள்பூச்சி சொன்ன லிஸ்டை போட்டதும் இந்த த்ரெட்லயே போடுங்க அக்கா, அந்த சேறு கார்டுல இருக்கற ஊர் வரிசையை மத்த ப்ரோக்ராமோட ஒத்துப் பாத்து வருஷத்தை உறுதி பண்ணிடலாம்.