பையன் வாயால சொல்றான், எழுத மாட்டேங்கிறான், எங்க காட்டுறது?

லாஸ்பேட்டை அம்மா: மூணாவது படிக்கிறான், கேட்டா டக்கு டக்குனு பதில் வருது, எழுத உக்காந்தா பென்சிலை கடிச்சிக்கிட்டே இருக்கான், 'பி'யும் 'டி'யும் மாத்தி போடுறான், மிஸ் டைரில சோம்பேறினு எழுதுறாங்க, இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்துவலிங்கிறான்.

கடலூர்க்காரன்: சோம்பேறித்தனம் இல்லக்கா, டிஸ்லெக்சியாவா (புத்தி நல்லா இருந்தும் எழுத்து வாசிக்க, எழுத வர்ற சிரமம்) இருக்கலாம். கண்ணு காது செக் பண்ணிட்டு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில சைக்கியாட்ரி (மனநல) ஓபில கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இதுவும் சேர்த்திதான், சர்டிபிகேட் இருந்தா சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம்ல மணிக்கு 20 நிமிஷம் கூட தருவாங்க.

முதலியார்பேட்டை: அது பத்தாவதுல பாத்துக்கலாம்ங்க, மொதல்ல வயித்துவலியை நடிப்புனு சொல்லாதீங்க, பயத்துலயும் நெசமாவே வலிக்கும். பாடத்தை நீங்க வாசிச்சு காட்டுங்க, அவன் சொல்லட்டும். பக்கத்து வீட்டு புள்ளையோட கம்பேர் பண்ற மாமியாரைத்தான் சமாளிக்கணும் 😄

லாஸ்பேட்டை அம்மா: மாமியார் தங்கம், எங்க வீட்டுக்காரருதான் அந்த வேலைய பாக்குறாரு. ஓபி சீட்டுக்கு காலைல எத்தனை மணிக்கு போய் நிக்கணும்?