பருமனுள்ள பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு கொடுப்பது சரியா?

கேள்வி – தக்கலையிலிருந்து ஒரு தாய்:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு 13 வயது. உயரத்துக்கு ஏற்ற அளவைவிட எடை மிகுந்திருப்பதால் உணவுப் பழக்கம் மாற வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அவனுக்கு மட்டும் சோற்றைக் குறைத்திருக்கிறோம். அவன் தங்கையோ பக்கத்தில் அமர்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் சாப்பிடுகிறாள். வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாமா என்று மாமியார் வருந்துகிறார். வீட்டார் அனைவருக்கும் இதை எப்படிப் புரியவைப்பது?

பதில் 1 – உணவியல் ஆலோசகர், நாகர்கோவில்:
உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. இந்த வயதில் உணவை வெகுவாகக் குறைத்தால் புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் போகும்; பசி அடங்காத பிள்ளை மறைவாகத் தின்னவும் தொடங்கலாம். உயரம் கூடிக்கொண்டிருக்கும் பல பிள்ளைகளுக்கு எடை மேலும் ஏறாமல் நின்றாலே உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தம் சீராகிவிடும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சமையல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மரச்சீனிக் கிழங்கு வைக்கும் வேளையில் சோற்றை விட்டுவிட்டு, மீன் குழம்போடு பயறும் கீரையும் கூட்டிக்கொள்ளலாம். 300 மில்லி கோலாவில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதால், அதை வீட்டுக்கு வாங்கி வருவதை முதலில் நிறுத்துங்கள். சிப்ஸ் பொட்டலத்தையும் அப்படியே; கண்முன் இருப்பதை ஒருவனுக்கு மட்டும் மறுப்பது அவனைக் கூனிக்குறுகச் செய்துவிடும். மாலைப் பசிக்கு அவித்த பயறும் ஒரு மட்டிப் பழமும் இரு பிள்ளைகளுக்கும் போதும்.

பதில் 2 – உடற்கல்வி ஆசிரியர், குளச்சல்:
5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளை மைதானத்துக்கு வரவே அஞ்சுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகவே உறவினர் முன்னிலையில் அவன் எடையைப் பற்றிப் பேச வேண்டாம். அவனுக்குப் பிடித்த விளையாட்டை அவனே தேர்ந்தெடுக்கட்டும். இரவில் கைப்பேசியைப் பெற்றோரும் சேர்ந்தே ஒதுக்கி வைத்தால் 8 முதல் 10 மணி நேர உறக்கம் கிடைக்கும்.

தக்கலைத் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. அவன் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது; அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார்கள். அது சரிதானா?

உணவியல் ஆலோசகர்:
தேய்க்க வேண்டாம். இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாதபோதும் அப்படிக் கறுப்பதுண்டு. உங்கள் மருத்துவரிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.