கலைச்சொல் தேவை: மௌனப் படத்தின் நடுவே வரும் எழுத்து

அனைவருக்கும் வணக்கம்.

ஏட்ரியன் புரூனல் 1925-இல் எடுத்த 'கட் இட் அவுட்' என்ற பிரிட்டிஷ் குறும்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். தணிக்கையாளர் ஒருவரின் ஒரு நாளைச் சொல்லி, தணிக்கையையே நையாண்டி செய்யும் மௌனப் படம். காட்சிகளுக்கு நடுவே திரை முழுக்க வரும் எழுத்தை, அதாவது இன்டர்டைட்டிலை, 'துணைத்தலைப்பு' எனலாமா?

மறுமொழி 1

வேண்டாம் ஐயா. படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரி என்றே வாசகர் எண்ணுவார். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியத் தலைவர் டி. பி. ஓ'கானர் 1916-இல் தொகுத்த 43 தடைகளில் முதலாவது, அநாகரிகமான, இருபொருள்படும் 'டைட்டில்', 'சப்டைட்டில்' கூடாது என்பது. அன்று 'சப்டைட்டில்' குறித்தது நீங்கள் கேட்கும் எழுத்தைத்தான். (வாரியம் என்றதும் அரசு அலுவலகம் என்று எழுதிவிடாதீர்கள், 1912-இல் திரைத்தொழிலினர் தாமே அமைத்துக்கொண்டது அது.)

அந்த எழுத்தின்மேல் தணிக்கையாளருக்குக் கண் இருந்ததில் வியப்பில்லை. நடிகரின் வாய்தான் அசைகிறது, குரல் இல்லை. ஒரு வாக்கியத்தை மாற்றினால் காதலி தங்கையாகிவிடுவாள். மீண்டும் படம்பிடிக்க வேண்டியதில்லை. புரூனலுக்கு இந்த வித்தை கைவந்தது. அவரும் படத்தொகுப்பாளர் ஐவர் மாண்டேகுவும் சேர்ந்து படத்தொகுப்பு நிறுவனமே நடத்தினார்கள். ஹிட்ச்காக்கின் 'தி லாட்ஜர்' படத்தில் இந்த எழுத்துகளை ஏறத்தாழ 80 ஆகக் குறைத்தவரும் மாண்டேகுதான்.

அட்டையில் எழுதிப் படம்பிடித்த எழுத்து என்பதால் 'எழுத்தட்டை' என்பது என் முன்மொழிவு.

மறுமொழி 2

எழுத்தட்டை என்றால் பாலர் வகுப்பில் 'அ, ஆ' காட்டும் அட்டை நினைவுக்கு வருகிறதே! 'இடையெழுத்து' என்றால் என்ன?

மறுமொழி 3

அம்மா, தொல்காப்பியம் படித்தவர்கள் ய, ர, ல, வ, ழ, ள என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். பாலர் வகுப்பு அட்டையோ சினிமாக் கட்டுரைக்குள் வரப்போவதில்லை. இடம் பார்த்துப் பொருள் தெளியும். மேலும் 'உரையாடல் அட்டை', 'விவரிப்பு அட்டை' என்று வகை பிரிக்கவும் அட்டை வசதியாக இருக்கிறது.

மறுமொழி 4

நன்றி. ஓ'கானரின் முதல் தடையை இப்படி எழுதிப் பார்த்தேன்: "அநாகரிகமான, இருபொருள்படும் படப்பெயர்களும் எழுத்தட்டைகளும் கூடா." சரியாக உட்காருகிறது. 'துணைத்தலைப்பு' என்று போட்டிருந்த இடங்களை மாற்றிவிடுகிறேன்.