உம்மாவை லண்டனுக்குக் கூப்பிடும் முன்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து இங்கே புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் நிலைகொண்டதும் கேட்பது, உம்மா வாப்பாவை எப்போது கூப்பிடலாம் என்றுதான். விசா விவரம் எல்லோருக்கும் தெரியும், விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு 6 மாதம் வரை இருக்கலாம். அந்த ஆறு மாதமும் அவர்கள் விருந்தாளியாகவே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

கீழக்கரையில் சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தால் இரவு வரை ஓயாத மனுஷி எங்கள் உம்மா. இங்கே ஈஸ்ட் ஹாம் வீட்டில் முதல் பத்து நாள் சோபா நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் மனைவியிடம் கேட்டுத்தான் குடிப்பார். "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க உம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று நாங்களும் பாசத்தில் சொல்லிக்கொண்டே இருந்தோம். அது தப்பு. ஒருநாள் தானாகவே அடுப்படிக்குப் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த முண்டு மிளகாயை வறுத்தார், உடனே புகை அலாரம் அலறியது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. வந்த அன்றே அலாரத்தைக் காட்டி, ஒரு தடவை அடிக்கவிட்டு, ஜன்னலையும் புகை இழுக்கும் ஃபேனையும் போடச் சொல்லிக்கொடுங்கள். பேட்டரியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

மாற்றம் வந்தது மீனால்தான். அப்டன் பார்க் குயின்ஸ் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் மீனைத் தூக்கியதும் உம்மா செவுளை விரித்துப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டி, வேறொன்றைக் காட்டினார். தமிழில்தான் பேசினார், அந்த ஆளுக்கு எல்லாம் புரிந்தது. தலையை வெட்டிப் போடப் போனவரின் கையைத் தடுத்து அதையும் பைக்குள் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மீன் ஆணம், அதாவது குழம்பு, உம்மா கையால். மறுநாள் முதல் மீன் வாங்குவது அவர் பொறுப்பு என்று விட்டுவிட்டோம். லண்டன் பஸ்ஸில் 2014லிருந்து காசு வாங்குவதில்லை, அதனால் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை ஒன்றில் பணம் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டு விலாசத்தையும் இறங்கும் ஸ்டாப்பையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வீட்டுச் சாவியும் ஒன்று கொடுங்கள், இது ரொம்ப முக்கியம். சாவி இல்லாதவர் கதவைத் தட்டித்தான் உள்ளே வர வேண்டும்.

தொழுகை நேரத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜூனில் இங்கே மஃரிபு, அதாவது சூரியன் மறைந்ததும் தொழுவது, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான், எங்கள் தெருவில் பாங்கும் கேட்காது. சாயங்காலம் ஆறரைக்கே தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டையை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். கீழக்கரை நேரத்துக்கு ஒரு கடிகாரமும் மாட்டினேன். கோடையில் ஊர் நாலரை மணி நேரம் முன்னால் என்பதால், மதியம் இரண்டைத் தாண்டியதும் "ஊர்ல மஃரிபு ஆச்சு" என்பார், அதற்குப் பிறகு சாச்சிக்கு போன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து கொண்டுவரக் கூடாது, வீட்டு நெய் ஊரிலேயே இருக்கட்டும். விசிட்டராக வந்தவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் பில் பெரிதாக வரும், கிளம்பும் முன்பே இன்சூரன்ஸ் எடுங்கள். மாத்திரைச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், நன்றாக நடப்பவராக இருந்தாலும் சரி, விமானம் மாறும் இடத்தில் கூட ஒரு ஆள் வருவார். டிசம்பரில் கூப்பிட வேண்டாம், நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், வெளியே போய்ப் பழகவே முடியாது. ஏப்ரலில் வரச் சொல்லுங்கள், மீன் கடைக்கு வழி பழகுவதற்குள் வெயிலும் வந்துவிடும்.