ஆங்கர் டெக்ஸ்ட்: அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

இணைப்புத்தச்சன்:
வலைநெசவு நேற்றுப் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தளத்துக்கு வெளியிலிருந்து வரும் லிங்க்குகளில், கீவேர்டே (ஆட்கள் கூகுளில் தேடும் சொல்) ஆங்கர் டெக்ஸ்ட்டாக, அதாவது லிங்க்கில் கிளிக் செய்யும் சொல்லாக, இருப்பது 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். கடைப் பெயர் 30, மீதி 50 "இங்கே பார்க்க", "இந்தத் தளம்" என்று கலந்துவிட்டால் கூகுளில் மேலே ஏறலாமாம். சாம்பார்ப் பொடிக்கு அளவு சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். ஆங்கர் டெக்ஸ்ட்டை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஒரே கேள்விதான். அந்த 20 எங்கிருந்து வந்தது? கூகுள் இப்படி ஒரு விகிதத்தை எங்கேயும் வெளியிட்டதில்லை. தளங்களைக் கூகுளில் மேலே ஏற்றும் இந்தத் தொழிலில் 2009-லிருந்து சோறு தின்கிறவன் கேட்கிறேன்.

வலைநெசவு:
அண்ணே, பதிவை முழுசாகப் படித்தீர்களா? அது கூகுள் போட்ட சட்டம் என்று நான் எழுதவில்லை, நான் பார்த்த கணக்கு என்றுதான் எழுதினேன். 2012 ஏப்ரல் 24-ஆம் தேதி, குறுக்குவழியில் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளும் பெங்குவின் என்ற கூகுள் மாற்றம் வந்தபோது, ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. அன்றைக்கு விழுந்த தளங்களில் எனக்குக் கிடைத்தவற்றின் பேக்லிங்க்கை (வெளியிலிருந்து வரும் லிங்க்) எக்செல்லில் இறக்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே கீவேர்டு. விழாமல் நின்ற தளங்களில் கீவேர்டு லிங்க் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இல்லை. ஐந்தில் ஒன்று என்றால் 20. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இணைப்புத்தச்சன்:
எத்தனை தளம் பார்த்தீர்கள்? பத்தா, நூறா? அந்த எண்ணிக்கையை மட்டும் ஏன் எழுதவில்லை? 2012-ல் நீங்கள் கல்லூரி வாசலைக் கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். பெங்குவின் அடித்த அன்று நான் மூன்று கிளையன்ட்டின் போனை எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். 20 எங்கிருந்து வந்தது?

வலைநெசவு:
வயசை இழுக்காதீர்கள். அது பதில் ஆகாது.

தேடல்காரி:
இரண்டு பேருமே கொஞ்சம் நில்லுங்கள். ஆங்கர் டெக்ஸ்ட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதிலிருந்து வாருங்கள். 1998-இல் கூகுளை உருவாக்கிய பிரின்னும் பேஜும் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது: ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, அதற்கு லிங்க் கொடுப்பவர் எழுதும் சொல் பல நேரம் அதைச் சரியாக விவரிக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் எல்லாரும் சுரண்டினார்கள். "மிசரபிள் ஃபெயிலியர்" (படுதோல்வி) என்று தேடினால் அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பலர் கூடி அதே சொல்லில் லிங்க் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2007 ஜனவரியில்தான் கூகுள் அதற்கு வழி கண்டுபிடித்தது. "கிளிக் ஹியர்" என்று தேடினால் அடோபி ரீடர் மென்பொருளின் பக்கம் வந்ததும் இதே கதைதான்.

இன்னொன்று. 2016 செப்டம்பரில் வந்த பெங்குவின் 4.0-க்கு அப்புறம், கெட்ட லிங்க்கைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். மொத்தத் தளத்தையும் கீழே தள்ளுவது அதற்கு முந்தைய வழக்கம். கூகுள் ஆட்களே பார்த்துக் கொடுக்கும் தண்டனை இன்னும் உண்டு, அது வேறு.

கடைசியாக, எதை எண்ணிச் சதவீதம் போடுகிறீர்கள்? லிங்க்கையா, தளத்தையா? ஒரே தளம் தன் 5,000 பக்கத்தின் அடியிலும் உங்கள் லிங்க்கை வைத்தால் அது ஒன்றா, ஐயாயிரமா? இதை முடிவு செய்யாமல் 20 பெரிதா சிறிதா என்று எப்படிப் பேசுகிறீர்கள்?

இணைப்புத்தச்சன்:
அதெல்லாம் தெரிந்ததுதான் மேடம். கேள்வி 20 பற்றியது.

வலைநெசவு:
மேடம், நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். ஒரே சொல் குவிந்தால் ஆபத்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தேடல்காரி:
நான் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி படியுங்கள்.

பழையபதிவர்:
தமிழில் பேசும் இடத்தில் எதற்கு ஆங்கர் டெக்ஸ்ட்? நங்கூர உரை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? வலைப்பூ, உலாவி எல்லாம் நாம் எழுதி எழுதித்தான் நிலைத்தன.

இணைப்புத்தச்சன்:
ஐயா, நங்கூர உரை என்று கிளையன்ட்டிடம் சொன்னால் கப்பல் கம்பெனி என்று நினைப்பார். இப்போது இது தேவையா?

பழையபதிவர்:
உங்கள் பெயரிலேயே "இணைப்பு" இருக்கிறது. எழுதும்போது மட்டும் லிங்க். 2009-லிருந்து இருக்கிறேன் என்கிறவர் ஒரு சொல்லையாவது தமிழுக்குக் கொண்டுவந்தாரா?

கொங்குத்தம்பி:
தச்சன் அண்ணே, வணக்கமுங்க. கோயம்புத்தூரில் கிரைண்டர் கடை வைத்திருக்கிறோமே, நினைவிருக்கிறதா? 2011-இல் எங்கள் தளத்துக்கு லிங்க் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். மொத்தம் 340 லிங்க், அதில் 291 ஒரே ஆங்கர்: "பெஸ்ட் வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்". நூற்றுக்கு 85. அந்த 85 எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

பெங்குவினில் முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போனோம். அப்பா தினமும் கடை திறந்ததும் போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். அப்புறம் நானே உட்கார்ந்து ஒவ்வொரு லிங்க்காகத் திறந்து பார்த்தேன். யாரோ ஒருவர் தன் பாட்டி இறந்ததைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே "நைஸ் போஸ்ட், பெஸ்ட் வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்" என்று எங்கள் கடை லிங்க். அந்த அம்மாவுக்கு மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டு நீக்கச் சொன்னேன். பதில் சொல்லாதவர்களின் தளங்களை, 2012 அக்டோபரில் டிஸ்அவோ வசதி (இந்த லிங்க்கைக் கணக்கில் சேர்க்காதே என்று கூகுளிடம் சொல்வது) வந்த பிறகு, பட்டியல் போட்டுக் கொடுத்தேன். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கியதை ஒழிக்க அத்தனை ராத்திரி.

இணைப்புத்தச்சன்:
தம்பி, அப்போது எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் ஜேசி பென்னி மாதிரிப் பெரிய கடைக்கே கீவேர்டு லிங்க்கைக் காசுக்கு வாங்கி வைத்திருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. நான் வேலை செய்த காலத்தில் உங்கள் கடை முதல் பக்கத்தில் இருந்ததா இல்லையா? அதைச் சொல்ல மாட்டீர்களே. நான் அடி வாங்கியவன் என்பதால்தான் இந்த 20-ஐப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒரு சின்னக் கடைக்காரர் இதைப் படித்துவிட்டு 100 லிங்க் காசுக்கு வாங்கி, 20 கீவேர்டு, 30 கடைப் பெயர், 50 "இங்கே" என்று எண்ணி எண்ணி வைப்பார். அதுவும் காசுக்கு வாங்கிய லிங்க்தானே? கலந்து வைத்தால் நல்லதாகிவிடுமா?

வலைநெசவு:
காசுக்கு வாங்குங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? எதையாவது என் தலையில் கட்டாதீர்கள். 85 சதவீதம் வைத்தவர் எனக்கு 20 பற்றிப் பாடம் எடுக்கிறார்!

தேடல்காரி:
தமிழில் எழுதும் தளங்களுக்காக ஒன்று. உண்மையாக வாங்கியவர் எழுதினால் "இந்தக் கிரைண்டரை", "கிரைண்டருக்கு மூன்று வருடம் வாரண்டி", "அந்தக் கடையில்" என்று வேற்றுமை உருபோடு தானாகவே மாறி மாறி வரும். காசுக்கு எழுதியதில்தான் "என் அம்மாவுக்கு வெட் கிரைண்டர் குறைந்த விலை மிகவும் பிடிக்கும்" என்று கீவேர்டு வாக்கியத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்த 50 சதவீத "இங்கே" இருக்கிறதே, திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்றவருக்கு லிங்க் பட்டியலில் "இங்கே, இங்கே, இங்கே" என்றுதான் கேட்கும். அவர்களைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

பழையபதிவர்:
திரைவாசிப்பான்! நல்ல சொல். பார்த்தீர்களா, முடிகிறது.

வலைநெசவு:
மேடம், இயல்பாக லிங்க் வரும்வரை சின்னத் தளங்கள் பட்டினி கிடக்க வேண்டுமா? எனக்கு என் கணக்கு போதும். 20-க்குள் வைத்த ஒரு தளமும் என் கையில் விழவில்லை.

இணைப்புத்தச்சன்:
விழாததற்குக் காரணம் 20தான் என்று எப்படித் தெரியும்? நல்ல பொருளாக இருந்திருக்கலாம், போட்டி இல்லாமல் இருந்திருக்கலாம். 20 எங்கிருந்து வந்தது?

வலைநெசவு:
நாளைக்கு எக்செல்லைப் போடுகிறேன். அதற்கு அப்புறமும் கேட்பீர்கள், தெரியும்.

இணைப்புத்தச்சன்:
போடுங்கள். எத்தனை தளம் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கொங்குத்தம்பி:
அண்ணே, அந்த 12,000 பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையேங்க.